மரம் சரிந்த இடத்தில் வெயில் கேறும்: ஒக்கிப் புயலுக்குப் பிறகு ஒரு மலையோர விளை

தடிக்காரன்கோணம் தாண்டிக் கீரிப்பாறைக்கு ஏறும் சாலையிலிருந்து ஒரு மண்பாதை பிரிகிறது. அது முடியும் இடத்தில் என் தாய்மாமாவின் விளை. குமரி மாவட்டத்துக்காரர்களுக்கு விளை என்றால் என்னவென்று சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்காக: வீடும் மரமும் மரச்சீனியும் (மரவள்ளி) நல்லமிளகும் ஒன்றோடொன்று கலந்து கிடக்கும் மேட்டு நிலம். மாமாவுடையது மூன்றரை ஏக்கர். கீழே ஒரு ஓடை, மேலே வனத்துறையின் எல்லைக்கல். கல்லுக்கு அப்பால் கன்னியாகுமரி வன உயிரினச் சரணாலயம்.

2008-இல் அறிவிக்கப்பட்ட அந்தச் சரணாலயம் 402 சதுர கிலோமீட்டர் கொண்டது. மொத்த மாவட்டமே 1,672 சதுர கிலோமீட்டர்தான்; அதில் ஏறத்தாழ முப்பது சதவீதம் காடு. கடற்கரையைப் பார்க்க வரும் சுற்றுலாக்காரர்களில் பலருக்கு இது தெரியாது. தெரிந்து மலைக்கு வருபவர்களும் காளிகேசத்தில் குளித்துவிட்டுத் திரும்பிவிடுவார்கள். நான் எழுதப்போவது அந்த 402 சதுர கிலோமீட்டரின் உள்ளே நடப்பதைப் பற்றி அல்ல. அதன் விளிம்பில் இருக்கும் மூன்றரை ஏக்கருக்கு 2017-க்குப் பிறகு என்ன ஆனது, அது எல்லைக்கல்லுக்கு அப்பால் என்ன செய்தது என்பதுதான் இந்த ஆய்வின் பொருள். காடு நடுவிலிருந்து அழிவதில்லை, ஓரத்திலிருந்துதான் கரைகிறது என்பதை நான் கற்றுக்கொண்டது அங்கேதான்.

மழையின் அளவு அல்ல, இடைவெளி

முதலில் இந்தக் காட்டின் குணத்தைச் சொல்லிவிடுகிறேன். குமரிக்கு இரண்டு பருவமழை உண்டு. பெரியவர்கள் இன்றும் இடவப்பாதி என்று சொல்லும் தென்மேற்கு மழை ஜூனில் தொடங்கும். துலா மழையாகிய வடகிழக்கு அக்டோபரில் வரும். கன்னிப்பூ, கும்பப்பூ என்று இரண்டு பூ நெல் இங்கே விளைந்ததே இந்த இரட்டை மழையால்தான். டிசம்பர் முடிந்து கோடை மழை எட்டிப்பார்க்கும் வரை உள்ள இரண்டு மூன்று மாதம்தான் இந்த மலைகளுக்கு உண்மையான வறண்ட காலம்.

மேற்குத் தொடர்ச்சி மலையின் காடுகளை வரைபடமாக்கிய புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தின் ஆய்வுகள் ஒன்றைத் தெளிவாகக் காட்டின. தெற்கே இரண்டு மூன்று மாதமாக இருக்கும் வறண்ட காலம், வடக்கே போகப்போக ஏழெட்டு மாதமாக நீள்கிறது. அது நீள நீளப் பசுமைமாறாக் காட்டின் மர வகைகள் குறைந்துகொண்டே போகின்றன. ஒரு காட்டில் எந்த மரம் நிற்கலாம் என்பதை ஆண்டுக்கு எத்தனை சென்டிமீட்டர் பெய்தது என்ற கணக்கு மட்டும் தீர்மானிப்பதில்லை. இரண்டு மழைக்கு நடுவில் எத்தனை நாள் மண் காய்ந்து கிடந்தது என்பதும் சேர்ந்தே தீர்மானிக்கிறது. இந்த மலைகள் அடங்கிய அகத்தியமலைத் தொகுதி இவ்வளவு செழிப்பாக இருப்பதற்கு இந்தக் குறுகிய வறட்சி ஒரு பெரிய காரணம். காய்வதைத் தாங்கிப் பழகாத காடு என்று இதையே திருப்பியும் சொல்லலாம்.

காலநிலை மாற்றம் கை வைப்பது சரியாக அந்த இடைவெளியில். காற்று ஒரு டிகிரி சூடானால் ஏறத்தாழ ஏழு சதவீதம் கூடுதல் நீராவியைத் தாங்கும். பெய்கிறபோது கொட்டித் தீர்க்கும். பெய்யாதபோது மண்ணிலிருந்தும் இலையிலிருந்தும் அதே பேராசையோடு உறிஞ்சும். ஆண்டுக் கணக்கில் மழை அளவு பெரிதாக மாறாமலே மழைநாட்கள் குறையலாம். பேச்சிப்பாறை அணையின் நீர்மட்டம் நாற்பது அடியைத் தாண்டியது என்று செய்தி படித்து மகிழ்கிறோம். ஓடையோரத்து மரத்துக்கு அந்த எண்ணால் பயனில்லை.

இன்னொன்றும் உண்டு. வெப்பம் கூடும்போது செடிகொடிகள் குளிர் தேடி மேலே நகரும் என்பார்கள். நூறு மீட்டர் ஏறினால் சுமார் 0.6 டிகிரி குறையும். அப்படியானால் ஒரு டிகிரியை ஈடுகட்ட 170 மீட்டர் ஏற வேண்டும். முத்துக்குழிவயல் புல்வெளி சுமார் 1,300 மீட்டர், அகத்தியமலை உச்சி 1,868 மீட்டர். அதற்கு மேல் வானம்தான். தெற்கே போனால் கடல், வடக்கே செங்கோட்டைக் கணவாய் என்ற பள்ளம். செங்குறிஞ்சி மரம் பெரும்பாலும் அந்தக் கணவாய்க்குத் தெற்கேதான் இருக்கிறது. அது எங்கே போகும்?

2017

ஒரே ஆண்டில் இரண்டு முனைகளையும் பார்த்தோம். 2016-இன் வடகிழக்குப் பருவமழை தமிழகத்தில் 62 சதவீதம் குறைந்தது. 2017 ஜனவரியில் எல்லா மாவட்டங்களையும் வறட்சி பாதித்தவையாக அரசு அறிவித்தது, குமரியையும் சேர்த்து. இரண்டு மழை உள்ள மாவட்டத்துக்கு அது அவமானம் போலவே இருந்தது. அந்த மாசியில் மாமாவின் ஓடையில் குழி தோண்டித்தான் தண்ணீர் எடுத்தார்கள்.

அதே ஆண்டு நவம்பர் 30. மறுநாள் கழிந்தால் திருக்கார்த்திகை. கொழுக்கட்டைக்கு மாமி தெரளி இலை பறித்துக் கட்டி வைத்திருந்தார். நாகர்கோவில் பக்கத்தில் தெரளியிலையில் சுருட்டி அவிக்காத கொழுக்கட்டைக்குக் கார்த்திகையில் இடமில்லை. அன்று காலை தொடங்கிய காற்றில் இலைக்கட்டு மட்டுமல்ல, இலை பறித்த மரமும் போனது.

ஒக்கியின் மையம் குமரிக் கரையில் ஏறவே இல்லை. தெற்கே கடலில் கடந்துபோனது. இலங்கையின் தென்கிழக்கே காற்றழுத்தத் தாழ்வு மண்டலமாக உருவாகி ஒரே நாளில் புயலானது. பிறகு அரபிக் கடலில் அதிதீவிரப் புயலாக வளர்ந்தது. கடலில் எத்தனை வீடுகளின் ஆண்கள் திரும்பி வரவில்லை என்பது இந்த மாவட்டம் மறக்காத கணக்கு. அதன் பக்கத்தில் மரக்கணக்கைச் சொல்லவே கூச்சமாக இருக்கிறது. ஆனாலும் சொல்ல வேண்டியிருக்கிறது. 1951-க்கும் 2015-க்கும் இடையில் வெப்பமண்டல இந்தியப் பெருங்கடலின் மேற்பரப்பு சராசரியாக ஒரு டிகிரி சூடாகியிருக்கிறது என்று மத்திய புவி அறிவியல் அமைச்சகத்தின் 2020 மதிப்பீடு சொல்கிறது. சூடான கடல் புயலுக்குத் தீனி. புயல் என்றால் கடலூருக்கும் நாகைக்கும் என்று நினைத்திருந்த மாவட்டம் இது.

மாமாவின் விளையில் ரப்பரில் பாதிக்கு மேல் போனது. ரப்பர் நெடுநெடுவென்று வளரும்; தடி முறுகாது, ஒடியும். இங்கே அதிகம் நட்டிருக்கும் ஆர்ஆர்ஐஐ 105 ரகம் பால் நிறையத் தரும், அந்தக் காற்றுக்கு நிற்கவில்லை. நனைந்து ஊறிய மண்ணில் மிச்சமுள்ளவை வேரோடு சாய்ந்தன. எல்லைக்கல்லுக்கு அப்பாலும் பெரிய மரங்கள் சரிந்தன. ஆனால் ஒன்றை அன்றே கவனித்தோம்: காட்டுக்குள் போகப்போகச் சேதம் குறைந்தது. மரங்கள் ஒன்றையொன்று தாங்கி நின்ற இடத்தில் காற்றால் கையை நுழைக்க முடியவில்லை. ஓரத்தில், எங்கள் ரப்பர் ஒடிந்து வழி திறந்த பக்கத்தில்தான் அது உள்ளே போயிருந்தது.

மூன்று துண்டுகள்

விழுந்த மரத்தை விற்றாகிவிட்டது. விலை அடிமட்டம், ஊர் முழுக்க மரம் கிடந்தால் யார் வாங்குவார்? அதன்பின் நிலம் தானாகவே மூன்று பகுதியாகப் பிரிந்தது. திட்டமிட்டதல்ல. பணம் எவ்வளவு இருந்தது, மாமாவின் முழங்கால் எவ்வளவு ஒத்துழைத்தது என்பதைப் பொறுத்து நடந்தது.

சாலைப்பக்கத் துண்டில் மறுபடியும் ரப்பர் கன்று வைத்தார். ஊடுபயிராக அன்னாசி. அன்னாசிக்காரர்கள் குத்தகைக்கு எடுத்து, அவர்களே கன்றையும் மூன்று நான்கு ஆண்டு பராமரித்துத் தருவார்கள். கையில் காசில்லாதவனுக்கு அது பெரிய ஏற்பாடு. சரிவில் மண்ணைக் கொத்திப் போட்டதில் முதல் இரண்டு மழைக்கே ஓடை செம்மண் நிறத்தில் ஓடியது.

எல்லைக்கல்லை ஒட்டிய மேல்துண்டை ஒன்றும் செய்யவில்லை. இயற்கைக்கு விட்டால் காடு தானே வரும் என்று நான்தான் பெரிய மனிதன் போலச் சொன்னேன். வந்தது கம்யூனிஸ்ட் பச்சை என்ற களைச்செடி. வெயில் விழுந்த வெற்றிடம் அதற்குப் போதும். காற்றில் பறக்கும் விதை. ஒரே ஆண்டில் ஆளுயரம். அதன்மேல் பக்கத்துத் தோட்டத்தில் நிலமூடியாக வளர்த்த முக்குனாக் கொடி ஏறிப் படர்ந்தது, எல்லைக்கல்லையும் தாண்டியது. உடைந்து நின்ற காட்டு மரங்களின் துளிரை அந்தக் கொடி போர்வை போல மூடியதைப் பார்த்தபோது என் அறிவுரையின் மதிப்பு புரிந்தது.

ஓடையோரத் துண்டு தப்பியது ஒரு சோம்பலால். அங்கே இறங்கி மரம் இழுக்க ஆள் கிடைக்கவில்லை. சரிந்த மரங்கள் அப்படியே மட்கின. நின்ற அயனியும் பலாவும் கொஞ்சம் நிழல் தந்தன. ஐப்பசியில் மண் ஈரமாக இருக்கும்போது மாமி ஆட்டுக்குத் தழை ஒடிக்கப் போகும் போக்கில் கம்யூனிஸ்ட் பச்சையை வேரோடு பிடுங்கிப் போட்டார். அரிவாளால் வெட்டினால் அது கட்டையிலிருந்து மறுபடி துளிர்க்கும். பூத்துவிட்டால் போச்சு. மார்கழிக்குள் ஈரமண்ணில் பிடுங்குவதுதான் வழி. மாமி எந்தக் கையேட்டையும் படித்ததில்லை.

பிடுங்கிய இடத்தில் வட்டை முளைத்தது. வட்டக்கண்ணி என்று புத்தகத்தில் இருக்கும். கூலிக்கும் ஆகாத, விறகுக்கும் ஆகாத மரம் என்பார்கள். ஆனால் வெளிச்சம் விழுந்த இடத்தில் முதலில் ஓடி வருவது இதுதான். அகலமான இலையால் சீக்கிரம் குடை பிடிக்கும், அதன் கீழே களைக்கு வெயில் கிடைக்காது. இருவாச்சியும் மரநாயும் வவ்வாலும் கொண்டுவந்து போடும் மற்ற மரங்களின் விதை அந்த நிழலில்தான் கண் திறக்கும். காட்டின் தையற்காரன் என்று இதைச் சொன்னால் மாமா சிரிப்பார்.

தீ

புயலுக்குப் பிந்தைய இரண்டாவது மாசியில் மேல்துண்டு எரிந்தது.

ரப்பர் இலையுதிர்க்கும் காலம் தை, மாசி. தரையெங்கும் கணுக்கால் உயரத்துக்குச் சருகு. கம்யூனிஸ்ட் பச்சையும் பூத்து முடித்துக் காய்ந்து, எண்ணெய் கலந்த சுள்ளியாக நிற்கும். ஓராண்டுக்கு மேலாகக் காய்ந்த மரக்கிளைகள் வேறு. தீ எப்படி வந்தது என்று யாரும் சொல்லவில்லை. நம் ஊர்க் காட்டுத்தீயில் இடி மின்னலுக்குப் பங்கு மிகக் குறைவு. பெரும்பாலும் மனிதக் கைதான். பாதையோரத்தில் யாரோ புல்லுக்குத் தீ வைத்திருக்கலாம், பீடித்துண்டாக இருக்கலாம்.

அன்று மாமா சொன்னதைத்தான் தலைப்பாக வைத்திருக்கிறேன்; கேறும் என்றால் ஏறும். "மரம் சரிஞ்ச எடத்துல வெயிலு கேறும் மக்கா. வெயிலு கேறுன எடத்துல தீயும் கேறும், பாத்துக்கிடு."

தீ எல்லைக்கல்லைத் தாண்டி ஒடிந்த காட்டின் ஓரம் வரை போனது. பெரிய தீ இல்லை, இடுப்பளவு. ஆரல்வாய்மொழிப் பக்கத்துப் புல் மலைகளில் இதைவிடப் பெரிதாக எரியும். அந்தப் புல் அடுத்த மழையில் எழுந்துவிடும், அது தீயோடு பழகியது. பசுமைமாறாக் காட்டு மரத்தின் பட்டை மெல்லியது. இடுப்பளவுத் தீ அடிமரத்தைச் சுற்றி வந்தாலே போதும். இலை பச்சையாகவே நிற்கும், அடுத்த ஆண்டு மரம் பட்டுப்போகும். ஒவ்வொரு மரமும் பட்டுப்போகும்போது இன்னொரு வெற்றிடம், அதில் இன்னும் களை, அடுத்த மாசிக்கு இன்னும் எரிபொருள். 2018 மார்ச்சில் குரங்கணியில் 23 பேரைப் பலிகொண்ட தீக்குப் பிறகு காட்டுத்தீ என்றாலே மலையேற்றம், உயிர்ச்சேதம் என்றுதான் பேசுகிறோம். ஆள் சாகாத இந்தச் சின்னத் தீ செய்தியாவதில்லை. காட்டை அரிப்பது இதுதான்.

தீயை நிறுத்தியது ஓடையோரத் துண்டு. வீரமாக ஒன்றும் நடக்கவில்லை. வட்டை நிழலில் சருகு ஈரமாக இருந்தது, மட்கிய கட்டைகளில் கை வைத்தால் குளிர்ந்தது, தீ அங்கே வந்து சோர்ந்துவிட்டது. வனத்துறைத் தீக்காவலர்களும் ஊர்க்காரர்களும் பச்சைக் கிளையால் அடித்து மிச்சத்தை அணைத்தார்கள். காவலர்களில் இரண்டு பேர் காணிப் பழங்குடி இளைஞர்கள். காற்று எந்தப் பக்கம் திரும்பும் என்று அவர்கள் பார்த்தது தீயை அல்ல, எதிர்மலையின் புல்லை.

இந்திய வன அளவை நிறுவனம் செயற்கைக்கோள் வழியாகத் தீ எச்சரிக்கையைச் செல்பேசிக்கு அனுப்புகிறது. நல்ல ஏற்பாடு, குறை சொல்லவில்லை. ஆனால் அதன் நுண்ணிய கருவியின் ஒரு புள்ளி 375 மீட்டர் சதுரம், ஏறத்தாழ 35 ஏக்கர். மாமாவின் விளை அதில் பத்தில் ஒன்று. கோள் தலைக்கு மேல் வரும் நேரமும் ஒரு நாளில் சில தடவைதான். மரக்கூரைக்குக் கீழே ஊரும் தரைத்தீயை அது தவறவிட வாய்ப்பு அதிகம். இந்த மலைகளில் முதல் தகவல் இன்னும் மனிதர் வாயிலிருந்துதான் வருகிறது. புகை வாசனை பிடித்து உடனே போன் போடும் ஒரு மாமி, செயற்கைக்கோளுக்குப் பல மணிநேரம் முன்னால் இருக்கிறார். அவர் போன் போட வேண்டுமென்றால் வனத்துறையிடம் அவருக்குப் பயம் இருக்கக்கூடாது. இந்தக் கடைசி வரிதான் சிக்கல்.

பயம்

எரிந்த துண்டில் காட்டு மரம் வரட்டும், வட்டையை வெட்டாமல் விடலாம் என்றேன். இந்தத் தடவை கொஞ்சம் அடக்கமாகவே சொன்னேன். மாமா ஒத்துக்கொள்ளவில்லை. பட்டா நிலத்தில் காட்டு மரம் அடர்ந்தால் நாளைக்கு அதுவும் காடு என்று எழுதிவிடுவார்கள், பிறகு சொந்த மரத்தை வெட்ட அனுமதி கேட்டு நடக்க வேண்டும் என்பது அவர் பயம். 1949-ஆம் ஆண்டின் தனியார் காடுகள் பாதுகாப்புச் சட்டம் மரத்தைக் காப்பாற்ற வந்தது. மலையோர விவசாயியின் காதில் அது விழுந்திருக்கும் விதம் இப்படி: மரம் வளர்த்தால் மாட்டிக்கொள்வாய், ரப்பர் வைத்தால் தப்பினாய். சட்டத்தின் எழுத்து என்ன சொல்கிறது என்பது வேறு. கன்றாக இருக்கும்போதே அயனியைப் பிடுங்கிப் போடும் கைகளை நான் பார்த்திருக்கிறேன்.

காணிக் குடிகளில் இதே கதையின் மறுபக்கம். தச்சமலை, தோட்டமலை போன்ற இடங்களுக்குப் பேச்சிப்பாறை அணையில் படகேறித்தான் போக வேண்டும். 1906-இல் கட்டி முடித்த அணை அவர்களுடைய பாதைகளையும் மாற்றியது. 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் வீட்டுக்கும் விளைக்கும் உரிமை தருவதோடு நிற்கவில்லை. சமூகக் காட்டு வளத்தைக் காக்கவும் மீட்கவும் நிர்வகிக்கவும் உள்ள உரிமையையும் அதே சட்டம் தருகிறது. கோடைக்குக் கோடை சில மாதத் தீக்காவல் கூலியாக அவர்களை அழைப்பதும், அந்தக் காட்டின் பொறுப்பாளராக ஏற்பதும் ஒன்றல்ல. தீயை அணைக்க ஆள் தேடும் நாம், ஐப்பசியில் களை பிடுங்க ஆள் வைப்பதில்லை. கோடைச் செலவில் சிறு பகுதியை மழைக்காலத்துக்கு மாற்றினாலே மாசியில் எரிய அவ்வளவு இருக்காது என்பது என் கணிப்பு.

நடுவிழாக்களைப் பற்றி அதிகம் சொல்ல விருப்பமில்லை. 2022-இல் தொடங்கிய பசுமைத் தமிழகம் இயக்கத்தின் இலக்கு, மாநிலத்தின் பசுமைப் பரப்பை 33 சதவீதமாக்குவது. சமவெளியிலும் குளக்கரையிலும் அது நடக்கட்டும். மலையோரத்தில் ஜூன் மாதம் கன்று நட்டுப் படம் எடுத்துவிட்டு மூன்று ஆண்டு களை எடுக்காமல் விட்டால், அந்தக் கன்றைக் கொடி முதலில் தின்னும், மிச்சத்தைத் தீ தின்னும். முத்துக்குழிவயல் போன்ற மலைப் புல்வெளிகளில் மரம் நடுவது அதைவிடத் தவறு. மழையை உறிஞ்சி ஓடைக்கு விடுவதில் சோலைக்குச் சமமான வேலை அந்தப் புல்லுக்கு உண்டு.

இப்போது

மாமா பாதி வழிக்கு வந்திருக்கிறார். எல்லைக்கல்லை ஒட்டி இருபதடி அகலத்துக்குத் தை பிறந்ததும் சருகைக் கூட்டி அள்ளுகிறார். புது ரப்பர் கன்றுகளின் தண்டுக்குச் சுண்ணாம்பு பூசும்போதே அந்த வேலையும் முடிந்துவிடும். ஐப்பசிக் களையெடுப்பில் மேல்துண்டும் சேர்ந்திருக்கிறது. எரிந்த இடத்தில் வட்டை தலை தூக்கிவிட்டது. 2021 நவம்பரில் பெரும் வெள்ளம் வந்தபோது அன்னாசித் துண்டின் வரப்பு இரண்டு இடத்தில் உடைந்தது, ஓடையோரம் அசையவில்லை. மாமா அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை, ஆனால் அடுத்த குத்தகையில் ஓடைப்பக்கம் பத்தடி விட்டுத்தான் கொத்த வேண்டும் என்று ஒப்பந்தத்தில் எழுத வைத்தார்.

போன மாதம் நான் போயிருந்தபோது அதே அன்னாசிக்காரர் மேல்துண்டுக்கு விலை பேச வந்திருந்தார். நல்ல தொகை. மாமா முழங்காலைத் தடவிக்கொண்டே, "மாமியட்ட கேட்டுட்டுச் சொல்லுகேன்" என்றார். மாமி அப்போது ஓடையோரத்தில் வட்டை நிழலுக்குள் நின்றிருந்தார். என்னைக் கூப்பிட்டு ஒரு செடியைக் காட்டினார். தோளுயரம் வந்திருந்தது. இலையைக் கசக்கி என் மூக்கில் வைத்தார். தெரளி.

"இந்தக் கார்த்திகைக்குப் பறிக்கலாமா மாமி?"

"இப்பமே பறிச்சா எப்பிடி? இந்த வருசமும் வடசேரிச் சந்தையில வாங்கிக்கிடுவோம்."